இயங்குபொருளின் நிலைமாற்றம்

உலையில் நீர் கொதிப்பதை நாள்தோறும் காண்கின்றோம். நாள்தோறும் காண்பதனாலேயே அதனை வியவாது விடுகின்றோம். 99 பாகை வெப்பத்தில் நீராய் இருந்த பொருள் 100 பாகையில் ஆவியாய்ப் பிரிகின்றது. துகள்கள் அவையே, அவற்றிடையே உள்ள ஈர்ப்பும் அதுவே. ஆயினும் ஒரு படி நீர் ஏறத்தாழ ஆயிரத்தறுநூறு படி இடத்தை அடைக்கும் ஆவியாய் விரிந்துவிடுகின்றது. வெப்பமோ சிறிது சிறிதாக ஏறுகின்றது. பொருளின் தன்மையோ ஒரே தாவலில் மாறுகின்றது. இம்மாற்றத்தை நிலைமாற்றம் என்பர் இயற்பியலார்.

இனி, உயிருள்ளனவும் கூட்டமாய்த் திரளுங்கால் இவ்வாறு தாவி மாறுகின்றன. இங்குமங்கும் சிதறித் திரிந்த வெட்டுக்கிளிகள் திடீரென ஒரு திசை நோக்கிப் படையெனச் செல்கின்றன. ஆயிரக்கணக்கான பறவைகள் மாலை வானத்தில் ஓருடல்போல் வளைகின்றன. நீர் கொதித்தலை ஆளும் சட்டம் இவற்றையும் ஆளுமோ? அன்றித் தன் ஆற்றலாலே தான் இயங்கும் பொருளுக்குச் சட்டம் வேறோ? கடந்த முப்பது ஆண்டுகளில் அறிஞர் பலர் இவ்வினாவின் பின் சென்றுள்ளனர். அவர் கண்டவற்றுட் சிலவற்றை ஈண்டு எழுதப் புகுகின்றேன். தமிழ் பயிலும் மாணவன் இத்துறையிற் கால் வைப்பதை இயற்பியல் வகுப்பு நண்பர் பொறுப்பாராக. கணக்கின் வழியை அவர்க்கே விட்டு, கணக்கின் பயனை மட்டும் எடுத்துக்கொள்கின்றேன்.

முதற்கண் நீரைப் பற்றியே இன்னும் சிறிது அறிதல் வேண்டும். கொதித்தல் தாவி நிகழும் மாற்றம் என்றோம். ஆயின் அத்தாவல் எப்பொழுதும் ஓரளவினதன்று. மூடிய கலத்தில் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே சென்றால், நீர் கொதிக்கும் வெப்பமும் ஏறும். ஆவி செறியும், நீர் விரிந்து தளரும், இரண்டிற்கும் உள்ள வேற்றுமை குறைந்துகொண்டே வரும். 374 பாகை வெப்பத்தில், வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 218 மடங்கு அழுத்தத்தில், அவ்வேற்றுமை முற்றும் அற்றுப்போம். அதற்கு மேல் நீர் என்றும் ஆவி என்றும் இரண்டு இல்லை. இவ்விடத்தை மாறுநிலைப் புள்ளி என்று வழங்குவர். அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் நகரத்திலிருந்த தாமஸ் ஆண்ட்ரூஸ் என்பார் கரியமில வாயுவைக் கொண்டு இதனைத் தெளிவுற ஆராய்ந்து 1869-இல் வெளியிட்டார். அவ்வாயுவின் மாறுநிலை வெப்பம் 31 பாகையே. சித்திரை மாதத்து நண்பகலில் நம் விடுதி அறைகள் இதனினும் வெம்மை உடையன!

ஆண்ட்ரூஸ் காட்டிய புதுமை ஒன்று உண்டு. வாயுவை முதலில் 31 பாகைக்கு மேல் வெப்பமேற்றி, பின்பு நன்கு அழுத்தி, அதன் பின்பு குளிரச் செய்தால், இடையில் எவ்விடத்தும் துளிகள் தோன்றாமலே அது நீர்மமாகிவிடும். எக்கணத்தில் அது வாயுவாயிருத்தல் ஒழிந்து நீர்மமாயிற்று என்று வினவினால் விடை இல்லை. தாவலின்றி ஒரு நிலையினின்று மற்றொரு நிலைக்குச் செல்லும் இச்சுற்றுவழியைப் படிப்போர் நினைவிற் கொள்க. பின்னர் இது வேண்டப்படும்.

மாறுநிலைப் புள்ளியை அணுகுங்கால், பளிங்குபோல் தெளிந்திருந்த பொருள் பால்போல் வெளுத்து மங்கும். செறிந்த திட்டுக்களும் நெகிழ்ந்த திட்டுக்களும் சிறிதும் பெரிதுமாய் எல்லா அளவிலும் அதனுள் தோன்றி மறைவதே அதற்குக் காரணம். திட்டுக்கள் ஒளியலையின் நீளத்தளவு பெருத்தவுடன் அவை ஒளியைச் சிதறடிக்கின்றன. ஒரு துகள் தன் பக்கத்துத் துகளை மட்டுமே அறியும். ஆயினும் அவ்விடத்தில் ஒரு துகளுக்கு நேர்ந்தது, அயலார் வழியாக அயலாரைத் தொட்டு, நெடுந்தொலைவிலுள்ள துகளையும் சென்று எட்டுகின்றது. செய்தி செல்லும் இத்தொலைவைத் தொடர்புத் தொலைவு எனலாம். மாறுநிலையில் அது எல்லையின்றி நீள்கின்றது.

தொடர்புத் தொலைவு அவ்வாறு நீண்டபின், துகள் எத்தகையது என்பது பொருட்டாவதில்லை. இதுவே இத்துறையின் பெருவியப்பு. குகன்ஹைம் என்பார் 1945-இல் நியான், ஆர்கான், கிரிப்டான், செனான், நைட்ரஜன், ஆக்சிஜன், கார்பன் மோனாக்சைடு, மீதேன் என்னும் எட்டுப் பொருள்களை ஒருங்கு வைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றின் வெப்பத்தையும் அடர்த்தியையும் அதனதன் மாறுநிலை அளவால் வகுத்து வரைந்தபோது, எட்டும் ஒரே கோட்டில் வந்து விழுந்தன. மாறுநிலை வெப்பத்திற்கும் பொருளின் வெப்பத்திற்கும் உள்ள இடைவெளி ஆயிரத்தில் ஒன்றாகச் சுருங்கினால், நீர்மத்திற்கும் ஆவிக்கும் உள்ள அடர்த்தி வேற்றுமை ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகச் சுருங்கும். செனானுக்கும் இவ்வளவே, மீதேனுக்கும் இவ்வளவே. இன்னும் வியப்பு யாதெனில், ஒரே அச்சில் மேலோ கீழோ மட்டும் திரும்பவல்ல சிறு காந்தங்களாலாகிய பொருள், வெப்பமேறத் தன் காந்தத்தன்மையை இழக்குமிடத்தும் இவ்வளவே. கொதிக்கும் நீர்மத்திற்கும் சோரும் காந்தத்திற்கும் என்ன உறவு? இடத்தின் பரிமாணம் எத்தனை, மாறுபடும் தன்மை எத்தனை திசைகளில் திரும்பவல்லது என்னும் இத்தகைய சில செய்திகளே மாறுநிலையில் எஞ்சுகின்றன. ஏனைய யாவும் உதிர்ந்துவிடுகின்றன. அஃது ஏன் என்பதனை 1971-இல் கெனத் வில்சன் விளக்கினார். 1982-இல் அதற்காக நோபெல் பரிசு பெற்றார். ஒரே எண்களுக்கு உட்பட்ட பொருள்களை ஒரே குலத்தின என்று சொல்வது இங்கு வசதியாகும்.

இவையெல்லாம் தாமாக இயங்காப் பொருள்களைப் பற்றியன. நம் உரையாசிரியர் உலகத்துப் பொருள்களை இயங்குதிணை, நிலைத்திணை எனப் பகுத்துரைப்பர். மரம் நிலைத்திணை, மான் இயங்குதிணை. இயற்பியலார் இப்பொழுது பகுக்கும் பகுப்பும் இதனை ஒருவாறு ஒத்ததே. நீர்த்துகளும் ஓடுகின்றது, ஆனால் அது தன் சூழலின் வெப்பத்தால் அலைக்கப்பட்டு ஓடுகின்றது. பாக்டீரியமோ உணவை உண்டு, அவ்வாற்றலைச் செலவிட்டு, தன் வாலைச் சுழற்றி நீந்துகின்றது. ஒவ்வொரு துகளும் தானே ஆற்றலைக் கொண்டு தானே செலவிடும் பொருளை இயங்குபொருள் என்று இக்கட்டுரையிற் குறிக்கின்றேன். பாக்டீரியத் திரள், பறவைக் கூட்டம், மீன் கூட்டம், ஆய்வுச்சாலையிற் செய்த தானோடும் நுண்மணிகள் என இவை யாவும் அவ்வினத்தின. நிலைத்த சமநிலையிலுள்ள நீரைத் துகள் துகளாகப் படம்பிடித்துப் பின்னோக்கி ஓட்டினால், ஓட்டம் முன்னோக்கியதா பின்னோக்கியதா என்று எவராலும் சொல்லவொண்ணாது. பறவைக் கூட்டத்தை அவ்வாறு ஓட்டினால் சிறுவனும் சிரிப்பான். பழைய கணக்குகள் பல இம்முன்பின் ஒப்புமையை அடித்தளமாகக் கொண்டன. இயங்குபொருளுக்கோ அவ்வடித்தளமே இல்லை.

1995-இல் ஹங்கேரி நாட்டவராகிய டமாஷ் விச்செக்கும் அவர் நண்பரும் மிக எளியதொரு மாதிரியைக் கணிப்பொறியில் அமைத்தனர். பரந்த தளத்தின்மேல் பல துகள்கள். எல்லாம் ஒரே விரைவின. ஒவ்வொரு கணத்திலும் ஒவ்வொரு துகளும் தன்னைச் சுற்றி ஒரு வட்டத்துக்குள் உள்ள அயலார் எத்திசையிற் செல்கின்றனர் என்று பார்த்து, அவற்றின் சராசரித் திசையைத் தனதாக்கிக்கொள்ளும். ஆனால் அவ்வாறு கொள்ளுங்கால் சிறு பிழையும் புரியும். விதி இவ்வளவே. தலைவன் இல்லை, வரைபடம் இல்லை. பிழை மிகுதியாயின் துகள்கள் தத்தம் போக்கில் அலையும். பிழையை ஓரளவுக்குக் கீழே குறைத்தாலோ, கூட்டத்தை ஓரளவுக்கு மேலே நெருக்கினாலோ, அத்தனையும் ஒரு திசை நோக்கிச் செல்லும். கூட்டம் தானே திசையைத் தேர்ந்துகொள்கின்றது.

இதில் ஓர் இடர் இருந்தது. பழைய கோட்பாட்டின்படி இது நிகழலாகாது! மெர்மின், வாக்னர் என்னும் இருவர் 1966-இல் நிறுவிய தேற்றம் ஒன்று உண்டு. தளத்தின்மேல் எத்திசையிலும் தடையின்றித் திரும்பவல்ல சிறு காந்தங்களை அடுக்கி, ஒவ்வொன்றும் தன் அயலாரை மட்டும் பார்த்துத் திரும்புமாறு விட்டால், சிறிதேனும் வெப்பம் உள்ளவரை அவை அனைத்தும் ஒரு திசை நோக்கி நில்லா என்பது அது. ஒரு செய்தியை வரிசையாகக் காதோடு காதாகச் சொல்லிச் சென்றால், ஒவ்வொரு வாயிலும் சிறிது திரிந்து, கடைசியில் உள்ளவனை எட்டும்போது வேறு செய்தியாகிவிடுமன்றோ? அதுபோல் சிறு பிழைகள் சேர்ந்து சேர்ந்து, நெடுந்தொலைவில் ஒழுங்கு குலைந்துவிடும். அங்ஙனமாயின் விச்செக்கின் துகள்கள் மட்டும் ஒழுங்குற்றது எங்ஙனம்?

அதே 1995-இல் ஜான் டோனர், யூஹாய் டூ என்னும் இருவர் விடை கண்டனர். காந்தங்கள் இடம் பெயரா. அவற்றின் அயலார் என்றும் அவரே. பறவையோ பறந்துகொண்டே இருக்கின்றது. திசை பிழைத்த பறவை அப்பிழையாலேயே பக்கவாட்டிற் சென்று, புதிய அயலாரைச் சேர்கின்றது. ஆகவே அதன் பிழை ஓரிடத்தில் தேங்கிப் பெருகாமல் பலரிடையே விரைந்து பங்கிடப்பட்டுத் தேய்கின்றது. நின்றவிடத்தே நிற்பார்க்குக் கைகூடாத ஒற்றுமை, நடப்பார்க்குக் கைகூடுகின்றது. இயங்குபொருள் பழைய சட்டத்தை மீறிய முதல் இடம் இதுவாகும்.

விச்செக் முதலியோர் தாம் கண்ட மாற்றம் தாவலின்றி மெல்ல மெல்ல நிகழ்வது என்று கருதினர். கிரெகுவார், ஷாத்தே என்னும் பிரெஞ்சு அறிஞர் 2004-இல் இதனை மறுத்தனர். மிகப் பெரிய தளங்களில் நடத்திப் பார்த்தால், மாற்றம் தாவியே நிகழ்கின்றது என்பது அவர் கூற்று. ஒழுங்கின்றி அலையும் துகள்களினிடையே, ஒரே திசையிற் செல்லும் செறிந்த பட்டைகள், கடலலைபோல் விரைந்து செல்வதை அவர் கண்டனர். சிறிய தளத்தில் ஒரு பட்டைக்கும் இடம் போதாமையால் தாவல் கண்ணுக்குப் புலப்படாது மறைந்திருந்தது! இவ்வழக்குப் பல ஆண்டு நடந்தது. கொதிக்கும் கலத்தில் நீரும் ஆவியும் ஒருங்கிருப்பதுபோல, இங்கே ஒழுங்குற்ற பட்டையும் ஒழுங்கற்ற வெளியும் ஒருங்கிருக்கின்றன என்று பின்வந்தோர் விளக்கினர். ஆயின் ஓர் இன்றியமையாத வேற்றுமை உண்டு. ஆண்ட்ரூஸ் காட்டிய சுற்றுவழி இங்கே அடைபட்டுவிட்டது. நீருக்கும் ஆவிக்கும் உள்ள வேற்றுமை அடர்த்தியளவே. ஆதலின் ஒன்றினின்று மற்றொன்றுக்கு வழுவிச் செல்லலாம். பட்டைக்கோ ஒரு திசை உண்டு; வெளிக்குத் திசை இல்லை. திசை உண்டு என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவே வழுவிச் செல்ல இடமில்லை. மாறுநிலைப் புள்ளி எட்டவொண்ணாத முடிவிலிக்குத் தள்ளப்பட்டுவிட்டது என்பர்.

அங்ஙனமாயின் இயங்குபொருளில் உண்மையான மாறுநிலையே இல்லையோ என்னின், அடர்த்தி மாறாவாறு தடுத்துவிட்டால் உண்டு. செறிவும் நெகிழ்வும் தோன்றவொட்டாத நீர்மமாக அக்கூட்டத்தைக் கருதினால், பட்டைகள் உண்டாக வழியில்லை. மாற்றம் தாவலின்றி நிகழும். லைமிங் சென், டோனர், சியு ஃபான் லீ என்னும் மூவர் 2015-இல் இதனைக் கணக்கிட்டு, அம்மாறுநிலைக்குரிய எண்கள் அதுகாறும் அறியப்பட்ட எக்குலத்துடனும் பொருந்தவில்லை, இது புதிய குலம் என்று காட்டினர். தன் ஆற்றலால் இயங்குதல் என்னும் பண்பு மாறுநிலையில் உதிர்ந்துபோகாமல் நிலைபெறுகின்றது என்பது இதன் பொருள்.

தாளிலும் கணிப்பொறியிலும் நடந்த இவ்வாராய்ச்சி உயிருள்ளவற்றுக்குப் பொருந்துமா என்பதனை இனிக் காண்போம். வெட்டுக்கிளியே முதற் சான்று. ஜெரோம் பூல் முதலியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், சிறகு முளையாத இளம் பாலைவன வெட்டுக்கிளிகளை வளையம்போன்ற வட்டிலில் விட்டு எட்டு மணி நேரம் நோக்கினர். சில வேளை 5. சில வேளை 120 வரை. மிகச் சிலவாயின், அவை தத்தம் வழியே திரிந்தன. எண்ணிக்கை ஏற, ஒருங்கு நடந்தன. ஆனால் திடீர் திடீரென அத்தனையும் திரும்பி எதிர்த்திசையில் நடந்தன. சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 74 என்னும் அளவைக் கடந்தபின், பிடித்த திசையை விடாது சுற்றிக்கொண்டே இருந்தன. விச்செக்கின் மாதிரி முன்னரே உரைத்த நடை இது. கண்டோர் மகிழ்ந்தது இயல்பே.

அம்மகிழ்ச்சி முழுதும் நிலைக்கவில்லை. வெட்டுக்கிளிகள் ஒருங்கு நடப்பது அன்பினால் அன்று. பின்வருவது தன்னைக் கடித்துத் தின்னும் என்னும் அச்சத்தாலும், முன்செல்வதைக் கடிக்கும் பசியாலும் என்று 2008-இல் வந்த ஆய்வு காட்டிற்று. 2020-இல் கிழக்காப்பிரிக்காவில் வெட்டுக்கிளிப் பெரும்படை எழுந்து வயல்களை அழித்தகாலை, கான்ஸ்டன்ஸ் நகரத்து ஆராய்ச்சியாளர் கென்யாவிற்குச் சென்று நேரிற் கண்டனர். பின்பு ஆய்வுச்சாலையில், பொய்க்காட்சிகளை வெட்டுக்கிளியின் கண்முன் ஓட்டியும் சோதித்தனர். 2025-இல் அவர் வெளியிட்ட முடிபு இது: வெட்டுக்கிளி தன் அயலாரின் திசையைச் சராசரி செய்து தனதாக்கிக்கொள்வதில்லை. அயலார் எவ்விடத்தில் உளர் என்பதனைத் தன் மூளையிற் குறித்துக்கொண்டு, எப்பக்கம் செல்வது என்று தன்னுள்ளே முடிவுசெய்து நடக்கின்றது. விச்செக்கின் விதி, அவ்வுயிரின் உண்மையான விதியன்று.

இவ்விடத்தில் யான் சற்றுத் தயங்கினேன் என்பதை மறைக்கவில்லை. மாறுநிலையில் துகளின் இயல்பு உதிர்ந்துவிடும் என்றால், வெட்டுக்கிளியின் உள்விதி எதுவாயினும் என்ன என்று இயற்பியலார் கேட்கலாம். பயிரைக் காக்க வேண்டிய உழவனுக்கோ அவ்விடை போதாது. கூட்டம் எப்பொழுது எழும், எத்திசையில் திரும்பும் என்பதனை முன்னறிவதற்கு, அது எதைக் கண்டு திரும்புகின்றது என்பதை அறிந்தே தீர வேண்டும். 120 கிளிகள் உள்ள வட்டில் முடிவிலியும் அன்று. எல்லையற்ற கூட்டத்துக்கு மெய்யாகும் சட்டம் எல்லையுள்ள கூட்டத்துக்கு எவ்வளவு மெய் என்பதும், சிறிய தளத்தில் விச்செக் பெற்ற பாடத்தினின்றே தெளிவாம்.

உயிரின் மனத்தை விடுத்து, மனமில்லாத நுண்மணிகளுக்கு வருவோம். ஒருபுறம் மட்டும் உலோகமோ கரியோ பூசிய மணிகளை நீர்மத்தில் இட்டால், வேதிமாற்றத்தாலோ ஒளி தரும் வெப்பத்தாலோ அவை தாமே நீந்தும். அவற்றிடையே ஈர்ப்பு வேண்டுவதில்லை. ஆயினும் அவை திரள்கின்றன. வகுப்பு முடிந்து மணி அடித்தவுடன் மாடிப்படிகளில் நிகழ்வதை நாம் அறிவோம். நெருக்கமான இடத்தில் நடை தளர்கின்றது. நடை தளர்ந்த இடத்தில் பின்வருவோர் வந்து சேர்கின்றனர். சேரச்சேர நடை இன்னும் தளர்கின்றது. எவரும் எவரையும் விரும்பி நெருங்கவில்லை, கூட்டமோ உண்டாகிவிட்டது. நுண்மணிகளும் இங்ஙனமே செறிந்த பகுதியும் நெகிழ்ந்த பகுதியுமாய்ப் பிரிகின்றன. டையூர், கேட்ஸ் என்னும் இருவர் 2008-இல் இதன் கோட்பாட்டை விரித்துரைத்தனர். நீந்தும் விரைவு குறைவாயின் பிரிவு இல்லை, மிகுந்தால் உண்டு, இரண்டற்கும் இடையே ஒரு மாறுநிலைப் புள்ளியும் உண்டு. அது எக்குலத்தது? 2018-இல் கணிப்பொறியில் நடத்திப் பார்த்த ஜெர்மானியக் குழுவினர், தளத்திற்குரிய பழைய காந்தக் குலத்துடன் எண்கள் பொருந்தவில்லை என்றனர். 2019-இல் பார்ட்ரிட்ஜும் லீயும் வேறொரு மாதிரியைக் கொண்டு, பொருந்துகின்றன என்றனர். 2021-இல் மிகப் பெரிய அளவில் நடந்த மற்றொரு கணக்கீடும் பொருத்தத்தின் பக்கமே நின்றது. அங்ஙனமாயின் இயக்கம் இங்கே உதிர்ந்துபோகின்றது. ஒரு மாறுநிலையில் நிலைபெறும் பண்பு, மற்றொரு மாறுநிலையில் உதிர்கின்றது. எங்கே உதிரும், எங்கே நிலைக்கும் என்று முன்கூட்டி உரைக்கும் பொதுவிதி ஏதும் என் கண்ணிற்பட்டதில்லை.

நம் நாட்டிலும் இத்துறைக்குப் பெரும்பங்கு உண்டு. பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்துப் பேராசிரியர் ஸ்ரீராம் ராமசுவாமி இதன் முன்னோடிகளுள் ஒருவர். ஒழுங்குற்ற இயங்குபொருளில் ஓரிடத்துத் துகள்களை எண்ணினால், எண்ணிக்கை அளவிறந்து ஏறியிறங்கும் என்று அவரும் அவருடன் உழைத்தோரும் 2003-இல் கணக்கிட்டு உரைத்தனர். சாதாரண நீர்மத்தில் 10,000 துகள்கள் இருக்கும் சிறுபகுதியை மீண்டும் மீண்டும் எண்ணினால், நூறு அளவு கூடும் அல்லது குறையும். பகுதியை நூறு மடங்கு பெரிதாக்கினால், ஏற்ற இறக்கம் பத்து மடங்கே பெருகும். இயங்குபொருளில், தளத்தின்மேல், அதுவும் ஏறக்குறைய நூறு மடங்கு பெருகும் என்பது அவர் கணக்கு. 2007-இல் செப்புக் கம்பித் துண்டுகளைத் தட்டின்மேற் பரப்பி, தட்டை விரைந்து அதிரச் செய்து, அவர் குழுவினர் அதனைக் கண்ணாற் காட்டினர். உயிரற்ற செம்புத் துண்டு, அதிரும் தட்டினின்று ஆற்றலைப் பெற்றுத் தானியங்கும் பொருளாயிற்று!

கடைசியாக, ரோமாபுரி. மாலையில் அந்நகரத்தின் வானில் ஸ்டார்லிங் என்னும் பறவைகள், நம் மைனாவின் உறவினங்கள், பெருந்திரளாய்ச் சுழலும். டெர்மினி ரயில் நிலையத்தருகே உள்ள அருங்காட்சி மாளிகையின் கூரைமேல் படக்கருவிகளை நிறுத்தி, ஆன்ட்ரேயா கவாஞ்ஞா, ஐரீன் ஜார்தினா முதலியோர் அவற்றை முப்பரிமாணத்தில் அளந்தனர். 2021-இல் நோபெல் பரிசு பெற்ற ஜார்ஜோ பாரிசியும் அப்பணியில் உடனிருந்தவர். ஒரு பறவை ஏறத்தாழ ஆறேழு அயலாரையே நோக்குகின்றது என்று 2008-இல் கண்டனர். ஆயினும் தொடர்புத் தொலைவோ, கூட்டம் பெரிதாகப் பெரிதாகத் தானும் பெரிதாகின்றது என்று 2010-இல் கண்டனர். சிறு கூட்டத்திலும் பெருங்கூட்டத்திலும் ஒரு பறவையின் சிறு விலகல் கூட்டத்தின் அளவோடு ஒத்த தொலைவுக்குச் சென்று எட்டுகின்றது. பால்போல் வெளுத்த கரியமில வாயுவின் நினைவு இங்கே வருதல் தவிர்க்கவொண்ணாது.

பறவையைக் காட்டிலும் தெளிவான சான்றைத் தந்தது ஓர் இழிந்த பூச்சி. கொசுவை ஒத்தது, ஆனாற் கடியாதது. கதிர் மறையும் வேளையில் ரோம் நகரத்துப் பூங்காக்களில் இது தரைக்கு மேலே திரளாய்த் தொங்கும். திரளுக்கு ஒரு திசை இல்லை; ஓரிடத்திலேயே சுழன்றுகொண்டிருக்கும். ஒழுங்கற்றது என்று நாம் தள்ளிவிடுவோம். அளந்து பார்த்தோர், அது ஒழுங்கின் விளிம்பில், மாறுநிலைக்கு மிக அருகில் நிற்கின்றது என்று கண்டனர். அவர் தேடியது ஓர் எண். தொடர்புத் தொலைவு இருமடங்கானால், ஒரு கலக்கம் தோன்றி அடங்க ஆகும் காலம் எத்தனை மடங்காகும்? சாதாரணக் காந்த மாதிரியில் நான்கு மடங்கு. அதாவது இரண்டின் அடுக்கு 2. தன்னியக்கத்தை மட்டும் சேர்த்தால், சென், டோனர், லீ கணக்கின்படி அடுக்கு 1.73. தன்னியக்கத்தை விடுத்து, திரும்பத் தொடங்கிய பூச்சி உடனே நில்லாமல் அத்திருப்பத்தைச் சிறிது நேரம் தொடரும் என்னும் உந்தத்தை மட்டும் சேர்த்தால் 1.5. பூச்சியோ இவற்றுள் எதனுடனும் ஒட்டாது, நெடுநாள் விலகி நின்றது.

2023-இல் கவாஞ்ஞா குழுவினர், தன்னியக்கம், உந்தம் ஆகிய இரண்டையும் ஒருங்கு சேர்த்து, வில்சன் வகுத்த முறையாலேயே கணக்கிட்டனர். அளவில் நீண்ட, மிக வருந்திச் செய்த கணக்கு அது. விடை 1.35. பூங்காவில் அளந்த எண் 1.37. தொடர்புத் தொலைவு இருமடங்காக, காலம் ஏறத்தாழ இரண்டரை மடங்காகின்றது. செனானுக்கும் மீதேனுக்கும் இருந்ததைப்போல் ஒரு குல எண், உயிருள்ள பூச்சித் திரளுக்கும் உண்டு என்று கணக்கும் அளவையும் இங்கே கைகோத்தன. ஆயினும் அவ்வளவையில் இருபுறமும் 0.11 பிழைக்கு இடம் விட்டிருக்கின்றனர். ஆகவே உண்மை எண் 1.26-க்கும் 1.48-க்கும் இடையில் இருத்தல் கூடும். உந்தம் மட்டும் தரும் 1.5 அவ்வெல்லைக்குச் சற்றே வெளியில் நிற்கின்றது. அதனை ஐயமறத் தள்ளிவிடுவதற்கு இன்னும் பல மாலைப்பொழுதுகள், இன்னும் பெரிய திரள்களின் கீழே படக்கருவியுடன் காத்திருக்க வேண்டும்.